கொல்லையில் கன்டெய்னர் வீடு… முன்பணம் கொடுக்கும் முன் ஒரு நிமிடம்!

வாசகர் கேள்வி: ‘அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில் ஒரு காணி கொல்லை வாங்கியிருக்கிறோம். நானும் மனைவியும் பணி ஓய்வுக்குப் பிறகு அங்கேயே தங்கி, மல்லாட்டையும் கொஞ்சம் காய்கறியும் வைக்க ஆசைப்படுகிறோம். சென்னையில் ஒரு வியாபாரி, இருபதடி பழைய கன்டெய்னரை ஒன்றரை லட்சத்துக்குத் தருவதாகச் சொல்கிறார். மின்வாரிய இணைப்பு இல்லாமல் சோலாரிலேயே வாழலாம் என்றும் சொல்கிறார். கிணறு இன்னும் வெட்டவில்லை. முன்பணம் கொடுக்கலாமா?’

ஆசிரியர் குழு இந்தக் கேள்வியை எனக்கு அனுப்பியபோது முதலில் திருப்பி அனுப்பிவிடத்தான் நினைத்தேன். நான் வேளாண்மை அலுவலர். பூச்சி, உரம், விதை பற்றிக் கேட்டால் சொல்வேன். வீடு கட்டுவது என் பாடமில்லை. ஆனால், கிரிவலப் பாதையைச் சுற்றியுள்ள கிராமங்களில் இந்தப் பெட்டி ஆசை சில வருடங்களாகவே பரவி வருகிறது. வயல் பார்க்கப் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் இதே கேள்வியைக் கேட்கிறார். தவிர, கன்டெய்னர் விஷயத்தில் நான் ஒரு முறை தப்பாக யோசனை சொல்லி, ஒரு விவசாயி நஷ்டப்பட்டிருக்கிறார். அந்தக் கடனும் பாக்கி இருக்கிறது.

அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன்பு, செங்கம் சாலைப் பக்கம் ஒரு விவசாயி பழைய கன்டெய்னர் ஒன்றை வாங்கி மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தார். உரமூட்டை, தெளிப்பான், ஓஸ் எல்லாம் அதற்குள் போயின. ‘சார், வீட்டுல எலித் தொல்லை. விதை மல்லாட்டையையும் இதுலயே வெச்சிடட்டுமா?’ என்று கேட்டார். இரும்புப் பெட்டி, எலி நுழையாது, மழை ஒழுகாது. ‘தாராளமா வைங்க’ என்று சொன்னேன். மார்கழிப் பட்டத்தில் விதைத்துச் சித்திரையில் பறித்த காய், ஆடிப் பட்டம் வரை அந்தப் பெட்டிக்குள் கிடந்தது. அக்னி நட்சத்திரம் முழுக்க உள்ளேயே இருந்தது. ஆடியில் விதைத்தார். சான்று விதை நிலக்கடலைக்குக் குறைந்தது 70 சதவிகிதம் முளைப்புத்திறன் வேண்டும். அவர் கொல்லையில் பாதிகூட முளைக்கவில்லை. ‘எலிக்கு விட்டிருந்தாக்கூட மிச்சம் இருந்தது மொளைச்சிருக்கும் சார்’ என்றார், சிரித்துக்கொண்டேதான். மறுபடி விதை வாங்கிப் போட்டார்.

கல்லூரியில் எனக்குச் சொல்லிக்கொடுத்த கணக்குதான் அது. சேமிப்பு இடத்தின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் கூடக்கூட விதையின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். தெரிந்தே மறந்தேன். விதைக்கு ஆகாத பெட்டியில் மனிதர்கள் எப்படிக் குடியிருப்பது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. குடியிருக்கலாம். ஆனால், அதற்கு வாங்க வேண்டிய பொருள்களின் வரிசையில் பெட்டி கடைசியில்தான் வருகிறது.

பெட்டி எதற்காகப் பிறந்தது?

1956 ஏப்ரல் மாதம், மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி, ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பலில் 58 பெட்டிகளை ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். இன்றைய கன்டெய்னர் வியாபாரம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. நம் நாட்டில் கன்டெய்னருக்கென்றே தனி முனையம் முதலில் வந்தது சென்னைத் துறைமுகத்தில், 1983-ல். அதனால்தான் பழைய பெட்டிகள் சென்னையில் சுலபமாகக் கிடைக்கின்றன. அதை வீடாக மாற்றும் முறைக்கு பிலிப் கிளார்க் என்பவர் அமெரிக்காவில் 1989-ல் காப்புரிமை வாங்கினார். ஆம்ஸ்டர்டாமில் ஆயிரம் மாணவர்களுக்குக் கன்டெய்னர் குடியிருப்பே அமைத்தார்கள். படத்தில் பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். அது குளிர் தேசம். அங்கே உள்ளே இருக்கும் சூடு வெளியே போகாமல் காப்பது பிரச்னை. நமக்கு வெளியே இருக்கும் சூடு உள்ளே வராமல் காப்பது பிரச்னை. படத்தைப் பார்த்து அப்படியே செய்யக் கூடாது.

இருபதடிப் பெட்டி, வெளி அளவில் 20 அடி நீளம், 8 அடி அகலம், எட்டரை அடி உயரம். உள்ளே அகலம் 7 அடி 8 அங்குலம்தான். சுவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு அங்குலம் வெப்பத்தடுப்பு வைத்தால் 7 அடி 4 அங்குலமாகிவிடும். ஒரு கட்டில், ஒரு மேசை, ஓரமாக ஒரு சமையல் மேடை. இருவர் படுக்கலாம், பேரப்பிள்ளைகள் வந்தால் வாசலில் பந்தல் வேண்டும். நாற்பதடிப் பெட்டி வேண்டுமென்றால், அதன் ‘ஹை கியூப்’ வகையில் உயரம் ஒன்பதரை அடி; உள்ளே விசிறி மாட்டத் தலை இடிக்காது. ஆனால், அந்த டிரெய்லர் உங்கள் கொல்லைப் பாதையில் திரும்புமா என்பதை முதலில் பாருங்கள்.

வியாபாரியிடம் போகும்போது கதவில் உள்ள உலோகத் தகட்டைப் படியுங்கள். தயாரித்த வருடமும், தரை மரத்துக்கு என்ன பூச்சிமருந்து ஏற்றினார்கள் என்பதும் அதில் இருக்கும். இது எனக்குத் தெரிந்த சமாசாரம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பெட்டியின் தரை, ஓர் அங்குலத்துக்கும் சற்று அதிகமான தடிமனில் உள்ள பிளைவுட். கப்பலில் ஒரு நாட்டுப் பூச்சி இன்னொரு நாட்டுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக அந்த மரத்துக்கு மருந்து ஏற்றுவார்கள். பழைய பெட்டிகளில் பாக்சிம், குளோர்பைரிபாஸ் போன்றவை பயன்பட்டிருக்கின்றன. நாம் கரையானுக்கும் கடித்து உண்ணும் பூச்சிகளுக்கும் அடிக்கும் அதே வகை மருந்துகள். பூட்டிய பெட்டிக்குள் அதன் மேல் பாய் விரித்துப் படுப்பது நல்லதில்லை. அந்தப் பிளைவுட்டை எடுத்துவிட்டு சிமென்ட் போர்டு போடுங்கள். முடியாவிட்டால், எபாக்சி பூசி முழுக்க மூடி, அதன் மேல் தரை விரிப்பு போடுங்கள். முன்பு என்ன சரக்கு ஏற்றினார்கள் என்றும் கேளுங்கள். உண்மையான பதில் கிடைக்காது, ஆனாலும் கதவைத் திறந்ததும் மூக்கு சொல்லிவிடும்.

சூட்டுக்கும் பேட்டரிக்கும் உள்ள உறவு

இப்போது சோலார். ‘எத்தனை கிலோவாட் போடணும்?’ என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் செலவு என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இருவருக்கான கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பி.எல்.டி.சி. விசிறி இரண்டு, ஒன்றுக்கு 30 வாட், 14 மணி நேரம்: 840 வாட்-மணி. ஒன்பது வாட் எல்.இ.டி. விளக்கு ஐந்து, ஐந்து மணி நேரம்: 225. போன், லேப்டாப்: 150. சின்ன ஃப்ரிட்ஜ்: சுமார் 800. அரை எச்.பி. மோட்டார் அரை மணி நேரம்: 190. கூட்டினால் சுமார் 2,200 வாட்-மணி, அதாவது இரண்டே கால் யூனிட்டுக்குள். நம் பக்கத்து வெயிலுக்கு, இழப்பெல்லாம் கழித்து ஒரு கிலோவாட் பேனல் நாளொன்றுக்கு மூன்றரை யூனிட் தரும் என்று வைத்துக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை மேகமூட்டத்துக்காக இரட்டிப்பாக எடுத்தால்கூட 1.3 கிலோவாட் பேனல் போதும். பேட்டரி, லித்தியம் என்றால் 5 யூனிட் கொள்ளளவு. லெட்-ஆசிட் டியூபுலர் என்றால் 150 ஏ.எச். நான்கு. லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும் என்பதால் நான்கு சொல்கிறேன்.

இதே வீட்டில், சூடு தாங்காமல் ஒரு டன் ஏ.சி. வைத்து இரவு எட்டு மணி நேரம் ஓட்டினால், அது மட்டும் ஆறு யூனிட்டுக்குக் குறையாது. மொத்தம் எட்டு யூனிட்டுக்கு மேல் போய்விடும். பேனல் நான்கு மடங்கு, பேட்டரி நான்கு மடங்கு, இன்வெர்ட்டரும் பெரியது. பேட்டரி ஆயுள் முடிந்ததும் மறுபடி அதே செலவு. பெட்டியின் விலையைப் பேட்டரியே தாண்டிவிடும். நிழலுக்குச் செலவு செய்யாமல் மிச்சம் பிடித்த பணத்தைத்தான் இப்படிப் பேட்டரிக்குக் கொடுக்கிறோம்.

ஆகவே, நிழல். கன்டெய்னரின் நீளம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். எட்டடி முகம் மட்டுமே காலை, மாலை வெயிலில் படும். கதவுப் பக்கம் கிழக்கே. பெட்டிக்கு மேல் ஒன்று, ஒன்றரை அடி இடைவெளி விட்டுத் தனியாக ஒரு கூரை கட்டாயம் வேண்டும். சுற்றிலும் ஐந்து, ஆறு அடி வெளியே நீண்டு நிற்கட்டும். இடைவெளியில் காற்று ஓடினால் சூடு பெட்டிக்கு இறங்காது. நம் ஊர் திருவண்ணாமலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 12 டிகிரியில் இருக்கிறது. சித்திரை பத்துவாக்கில் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் வரும். அதன் பிறகு ஆடி வரை மத்தியானச் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும். ‘வடக்குச் சுவரில் வெயில் படாது’ என்று நினைத்து அந்தப் பக்கக் கூரையைக் குட்டையாக விட்டுவிடாதீர்கள்.

கூரைக்குக் கீற்றா, தகடா என்று கேட்டால், குளிர்ச்சிக்குக் கீற்றுதான். ஆனால் இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். தீ பயம் உண்டு. பேட்டரி, இன்வெர்ட்டர் பக்கத்தில் கீற்று கூடவே கூடாது. தகடு போட்டால் ஆயுள் அதிகம், மழைநீரும் சுத்தமாகக் கிடைக்கும், பேனலையும் அதன் மேலேயே தெற்கு நோக்கிச் சுமார் 12 டிகிரி சாய்வில் மாட்டலாம். நான் தகடு என்பேன், அதற்கடியில் கீற்றோ நாணல் தட்டியோ கட்டாமல். மேற்குப் பக்கம் பந்தல் போட்டு முதல் வருடம் பீர்க்கன், சுரை ஏற்றுங்கள். மூன்று மாதத்தில் நிழல், காயும் ஆச்சு. கூடவே புங்கனும் வேம்பும் நட்டுவிடுங்கள். பேனல் மேல் நிழல் விழாத தூரத்தில்.

‘பெட்டி மேலேயே மண் போட்டு மாடித் தோட்டம் வைக்கலாமா?’ என்று ஒருவர் கேட்டார். வேண்டவே வேண்டாம். கப்பலில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும்போது எடையெல்லாம் நான்கு மூலைத் தூண்களில்தான் இறங்குகிறது. கூரைத் தகடு மெல்லியது. இரண்டடிக்கு ஓரடி பரப்பில் 300 கிலோ தாங்குகிறதா என்றுதான் அதைச் சோதிக்கிறார்கள். அரையடி ஈர மண் போட்டால் கூரை முழுக்க நான்கு டன் வரும். அதேபோல் பக்கச் சுவரில் மண் அணைப்பதும் தப்பு. சன்னல் வெட்டும்போது சுவரின் பலம் போகிறது. வெட்டிய இடத்தைச் சுற்றிச் சதுரக் குழாய்ச் சட்டம் வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். தெற்கிலும் வடக்கிலும் எதிரெதிராக வெட்டுங்கள், காற்று குறுக்கே போகட்டும்.

பெட்டியைத் தரையில் நேரடியாக வைக்காமல், நான்கு மூலையிலும் கல் அல்லது கான்கிரீட் தூண் எழுப்பி இரண்டடி உயரத்தில் உட்கார வையுங்கள். நம் பக்கம் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லை. அடியில் காற்று போகும். பாம்பு, தேள் இருந்தால் குனிந்து பார்க்க முடியும்.

ஒன்றை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப்போடக் கூடாது, எர்த். வீடு முழுக்க இரும்பு. இன்வெர்ட்டரிலிருந்து வருவது 230 வோல்ட். ஒயர் எங்காவது உரசிவிட்டால் சுவர், கதவு, கைப்பிடி எல்லாவற்றிலும் மின்சாரம் ஏறும். பெட்டியையே தடித்த கம்பியால் எர்த் குழியோடு இணைக்க வேண்டும். கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கட்டாயம். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு செய்யுங்கள். பேனல் மாட்டுபவரின் உதவியாளரிடம் விட்டுவிடாதீர்கள்.

மானியம் பற்றி: வீடுகளுக்கான ‘பிரதமர் சூர்யா கர்’ திட்டத்தின் 78,000 ரூபாய் வரையிலான மானியம் மின்வாரிய இணைப்போடு சேர்ந்த சோலாருக்குத்தான், தனியே நிற்கும் வீட்டுக்குக் கிடையாது. விவசாய இலவச மின் இணைப்பு கிடைத்தாலும், அதிலிருந்து வீட்டுக்கு ஒயர் இழுப்பது விதிமீறல்.

தண்ணீர் இல்லாமல் பெட்டியை இறக்காதீர்கள்

உங்கள் கடிதத்தில் எனக்குப் பயம் தந்த வரி, ‘கிணறு இன்னும் வெட்டவில்லை’ என்பதுதான். மலையைச் சுற்றி அடியில் கெட்டிப் பாறை. தண்ணீர் பாறை வெடிப்பில்தான் ஓடுகிறது. பக்கத்துக் கொல்லையில் பொங்கி வரும், உங்கள் கொல்லையில் புழுதி வரும். நிலத்தடி நீர் ஆய்வு செய்து, போர் போட்டு, தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து, அதன் முடிவு வந்த பிறகுதான் வீட்டைப் பற்றிப் பேச வேண்டும்.

மேல்கூரை இங்கேயும் கைகொடுக்கும். பெட்டியின் கூரை மட்டும் 160 சதுர அடி. மேலே 30-க்கு 20 அடியில் தகட்டுக் கூரை போட்டால் 600 சதுர அடி. வருட மழை 1,000 மில்லிமீட்டர் என்று எடுத்து, ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் என்று கழித்தாலும் 44,000 லிட்டருக்கு மேல் பிடிக்கலாம். இருவர் குடிக்க, சமைக்க நாளைக்கு 20 லிட்டர் என்றால் வருடத்துக்கு 7,300 லிட்டர். பத்தாயிரம் லிட்டர் தொட்டி ஒன்று இருந்தால் அடுத்த மழை வரை கையேந்த வேண்டாம். முதல் மழைநீரை வெளியே விட்டுவிடுங்கள். தொட்டியைக் கொசு புகாமல் மூடுங்கள்.

கழிப்பறைக்குத் தண்ணீர் அதிகம் வேண்டாத வழி ஒன்றும் உண்டு. திருச்சி மாவட்டம் முசிறியில் ‘ஸ்கோப்’ தொண்டு நிறுவனம், சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியே பிரித்து உரமாக்கும் ‘ஈகோசான்’ கழிப்பறைகளைப் பரப்பியது. அதன் நிறுவனர் மராச்சி சுப்புராமனுக்கு 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்த முறை பிடிக்காவிட்டால் இரட்டை உறிஞ்சுகுழி போதும். போருக்கும் குழிக்கும் இடையே தாராளமாக இடைவெளி விடுங்கள்.

மின்வாரியக் கம்பி இல்லாமல் வாழ்பவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் வெளிநாடு போக வேண்டாம். இங்கிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில் ஆரோவில். அங்கே ‘சாதனா ஃபாரஸ்ட்’ என்ற காடு வளர்ப்பு இடத்தை அவிராம், யோரிட் ரோசின் தம்பதி 2003 டிசம்பரில் தொடங்கினார்கள். சோலார் மின்சாரம், உரக் கழிப்பறை, கீற்றுக் குடிசை. இத்தனை வருடமாக அப்படித்தான் நடக்கிறது. கன்டெய்னர் ஒன்றும் இல்லை. அதே ஆரோவில்லில் உள்ள ‘எர்த் இன்ஸ்டிடியூட்’, சுமார் ஐந்து சதவிகிதம் சிமென்ட் கலந்து மண்ணை அழுத்திக் கல் செய்யக் கற்றுத்தருகிறது. சுட வேண்டாம், விறகு வேண்டாம். மண் சுவர் பகல் சூட்டை மெதுவாகத்தான் உள்ளே விடும். முன்பணம் கொடுக்கும் முன் இருவரும் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

என் அபிப்பிராயம் கேட்டால், பெட்டி வேண்டுமானால் வாங்குங்கள். கருவி, ஓஸ், பேட்டரி வைக்க அதைவிடப் பத்திரமான இடம் இல்லை. சென்னையில் இருக்கும்போது பூட்டிவிட்டு நிம்மதியாகவும் இருக்கலாம். படுக்க, பெட்டியை ஒட்டி அதே மேல்கூரைக்குக் கீழே பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு மண்கல் அறை கட்டுங்கள். விதை மல்லாட்டையையும் அந்த அறையில் வையுங்கள். பெட்டியில் வேண்டாம், அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அனுமதி விஷயம்

‘அஸ்திவாரம் இல்லை, அதனால் அனுமதி வேண்டாம்’ என்று விற்பவர் சொல்வார். எழுத்தில் தரச் சொல்லுங்கள், தர மாட்டார். அதில் குடியிருக்கப் போகிறீர்கள் என்றால், 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி என்ன வேண்டும் என்று கேட்டுவிடுவது நல்லது. யாரிடம் கேட்பது என்பதே இங்கே ஒரு கேள்வி. 2024-ல் திருவண்ணாமலை மாநகராட்சியானபோது சுற்றியுள்ள ஊராட்சிகளும் சேர்க்கப்பட்டன. உங்கள் சர்வே எண் எந்த எல்லையில் வருகிறது என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் உறுதி செய்யுங்கள். விவசாய நிலத்தில் வீட்டுக்கான பகுதிக்கு மட்டும் நில உபயோக மாற்றம் தேவைப்பட்டால், மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். 132 சென்ட்டில் வீட்டுக்கு ஐந்து சென்ட் போதும். மீதி கொல்லையாகவே இருக்கட்டும்.

இடம் மலைச்சரிவை ஒட்டியிருந்தால் வனத்துறை எல்லைக் கல்லையும் பாருங்கள். ஓடை வழியில் பெட்டியை வைக்காதீர்கள். வெயில் காலத்தில் அது வெறும் பள்ளமாகத்தான் தெரியும். 2024 டிசம்பர் 1, ஃபெஞ்சல் புயல் மழையில் மலையின் நகரப் பக்கம் வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். இரண்டேகால் டன் இரும்புப் பெட்டியும் வெள்ளம் வந்தால் மிதக்கும். மூலைகளைத் தூணோடு போல்ட் போட்டு இறுக்குங்கள்.

வரிசை இதுதான்: பட்டா, அனுமதி, தண்ணீர், மரக்கன்று, மேல்கூரை, அப்புறம் பெட்டி. மேல்கூரையின் ஒரு பக்கத்தைத் திறந்து விட்டு, கிரேன் உள்ளே வர இடம் வையுங்கள். அல்லது தூண் மட்டும் நட்டுவிட்டு, பெட்டி இறங்கிய பிறகு தகடு போடுங்கள். வியாபாரியிடம் லாரி வாடகை, கிரேன், வெட்டு வேலை, வெல்டிங் எல்லாவற்றையும் சேர்த்து எழுத்தில் விலை வாங்குங்கள். பாதையில் தாழ்வான மின்கம்பி இருந்தால் மின்வாரியத்தில் முன்கூட்டியே சொல்லுங்கள். பஞ்சாங்கத்தையும் பாருங்கள்: பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் உங்கள் டிரெய்லரை யாரும் விட மாட்டார்கள். கிரேனுக்கு மணிக்கணக்கில் வாடகை.